வயிறார உண்பதும் உடல்நலமும்

(பங்கின் பொன்விழாவையொட்டி மாதர் சங்கத்தாரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் கூட்டிய கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நம்மிடம் வந்து, "சாமி, உடல்நலத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று கேட்டபோது, மருத்துவர்கள் பலர் இருக்கும் பங்கில் இதை நாம் பேசுவது தகுமா என்று சற்றுத் தயங்கினோம். ஆயினும் வீடு சந்திப்புக்குச் செல்லும்போதும், நோயாளிகளுக்கு நன்மை கொடுக்கப் போகும்போதும் நாம் காணும் ஒரு காரியம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதிகமாகத் தின்று உடலைக் கெடுத்துக்கொள்பவர்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். போதிய அளவு உண்ணாமல் கெடுகிறவர்களும் இந்த மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடையாற்றிலும் இருக்கிறார்கள். சிலர் இல்லாமையால் குறைக்கிறார்கள். வேறு சிலர், இது வியப்பான காரியம், ஆரோக்கியம் என்று எண்ணிக் குறைக்கிறார்கள்.

நம் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிறது. ஓடுகிறது என்று மரியாதைக்காகச் சொல்கிறோம். இன்று அதில் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. மற்றபடி கொசுக்களுக்கே அது பயன்படுகிறது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் இந்தப் பகுதி வெட்டப்பட்டது 1877-78-ஆம் ஆண்டுகளில். அது தாது வருஷப் பஞ்ச காலம். பசியால் நகரத்துக்கு வந்து சேர்ந்த ஜனங்களுக்குச் சும்மா சோறு போடாமல், மண் வெட்டும் வேலை கொடுத்துக் கூலி கொடுப்பது அன்றைய அரசின் முறை. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வந்தது. வெட்டியவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது.

அந்நாளில் நிவாரண வேலைக்குக் கூலி எவ்வளவு என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். 1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இவர் கொடியவர் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. 1874-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது, பர்மாவிலிருந்து தாராளமாக அரிசி வரவழைத்து எண்ணற்ற உயிர்களைக் காத்தவர் இவரே. ஆனால் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று அதற்காக ஏச்சு வாங்கினார். அந்த ஏச்சை மறக்காத மனிதர், சென்னைக்கு வந்தபோது கையை இறுக்கிக்கொண்டார். வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும், பெண்ணுக்கும் வேலை செய்யும் சிறுவருக்கும் அதிலும் சற்றுக் குறைவு என்று விதித்தார். இதுவே சரித்திரத்தில் 'டெம்பிள் கூலி' எனப்படுவது.

மாகாணத்தின் சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மண் சுமக்கிற மனிதனுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். 1877 மார்ச்சில் சென்னை அரசு, தானியத்தை ஒன்றேகால் பவுண்டாக உயர்த்திச் சிறிது பருப்பும் சேர்த்தது. இரண்டு படித்த மனிதர்கள் கால் பவுண்டுக்கும் அரைப் பவுண்டுக்கும் வாதாடிக்கொண்டிருந்த மாதங்களில் இலட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். எனினும் கார்னிஷ் கேட்ட கேள்வி சரியான கேள்வி. உயிர் பிரியாமல் இருக்க எவ்வளவு வேண்டும் என்பது ஒன்று. உழைத்து வாழ எவ்வளவு வேண்டும் என்பது வேறொன்று.

இன்றைய கணக்கில் இதைப் பார்ப்போம். அடுப்புக்கு விறகு எப்படியோ அப்படி உடலுக்கு உணவு. அந்த உஷ்ணத்தை அளக்கும் அளவை கலோரி. மாவுப்பொருளும் புரதமும் ஒரு கிராமுக்கு 4 கலோரி தரும்; கொழுப்பு 9 தரும். நூறு கிராம் அரிசியில், சமைப்பதற்கு முன், ஏறத்தாழ 345 கலோரி. ஆகவே டெம்பிள் கொடுத்த ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம், அரிசியாகவே இருந்தாலும் 1,560 கலோரிக்கு மேல் தேறாது. ஓர் அணாவைக் கொண்டு பஞ்ச விலையில் எவ்வளவு வாங்கியிருக்க முடியும் என்பதை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

இனி வேறொரு தேசத்துக்குப் போவோம். 1944-45-இல், இரண்டாம் உலகப் போரின் முடிவில், அமெரிக்காவிலுள்ள மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதே நோக்கம். மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த வாலிபர்கள் 36 பேர் தாமாகவே முன்வந்தார்கள். நல்ல திடகாத்திரமானவர்கள். அவர்களுக்கு 24 வாரம் அரைப்பட்டினி போட்டார்கள். நாளொன்றுக்கு எவ்வளவு தெரியுமா? சராசரி 1,570 கலோரி! டெம்பிளின் பவுண்டும் கீஸின் தட்டும் ஏறக்குறைய ஒரே எடை.

அந்த வாலிபர்கள் தங்கள் எடையில் கால் பங்கை இழந்தார்கள். அது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது அவர்கள் மனதுக்கு நேர்ந்தது. சிரிப்பு நின்றது, எரிச்சல் வந்தது, வெயிலிலும் குளிர்ந்தது, எந்நேரமும் சாப்பாட்டு நினைவு. சமையல் புத்தகங்களை வாசிக்கத் தொடங்கினார்கள் சிலர். பிறகு அவர்களைத் தேற்றுவதற்கு வழக்கமான உணவு போதவில்லை, மிகுதியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டில் யாராவது காரணமின்றிச் சிடுசிடுப்பதையும் சோர்ந்து படுப்பதையும் கண்டால், உடனே குணத்தைக் குறை சொல்லாமல், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.

இப்போது நம் பங்குக்கு வருவோம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரியும், பெண்ணுக்கு 1,660-உம் தேவை. ஓடியாடி வேலை செய்யும் பெண்ணுக்கு 2,130; கடின உழைப்பானால் 2,720. மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பெருக்கித் துடைக்கும் ஒரு சகோதரியிடம், அவர் முந்தின நாள் சாப்பிட்டதை நாம் கேட்டு எழுதினோம். விடிவதற்கு முன் ஒரு டீ. பத்து மணிக்கு ஒரு வீட்டில் இரண்டு இட்லி, சட்னி. இடையில் இன்னும் இரண்டு டீ. மூன்று மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சோறும் குழம்பும். இரவில் பிள்ளைகளும் வீட்டுக்காரரும் சாப்பிட்ட பின் மிஞ்சியது ஒரு கைச் சோறு. கூட்டிப் பார்த்தால் 1,250-ஐத் தாண்டவில்லை. டெம்பிள் கூலியைக் காட்டிலும் குறைவு! அவர் இதைக் குறையாகச் சொல்லவே இல்லை. "பழகிப்போச்சு சாமி" என்றார்.

தியாகராய நகரில் துணிக்கடைகளில் வேலை செய்யும் நம் பெண்பிள்ளைகளின் நிலையும் இதற்குத் தூரமில்லை. காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருந்தார்கள். உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்த வேண்டியிருந்தது. சட்டம் நாற்காலி தரும். காலை உணவை நாம்தான் கட்டிக் கொடுத்தனுப்ப வேண்டும்.

மறுபுறம் இன்னொரு கூட்டம். நாகேஸ்வர ராவ் பூங்காவில் விடியற்காலையில் வேகமாக நடக்கிறவர்கள். நடக்கட்டும், நல்லதே. அவர்களில் நமக்குத் தெரிந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்றவர், சர்க்கரை நோய் என்று அறிந்த நாளிலிருந்து சோற்றை அடியோடு விட்டுவிட்டார். காலையில் இரண்டு இட்லி. மதியம் வேகவைத்த காய், மோர். இரவு இரண்டு சப்பாத்தி. ஆயிரம் கலோரிக்குள் முடிந்துவிடும். ஒரு நாள் காலைத் திருப்பலியில், நற்கருணை வாங்க எழுந்தவர், அப்படியே வியர்த்து விழுந்துவிட்டார். விசாரித்ததில், சர்க்கரைக்கான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நன்மை வாங்கவேண்டும் என்பதற்காக ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார். மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது. எரிப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

இங்கே குருவாக நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நள்ளிரவு முதல் பச்சைத் தண்ணீர்கூடக் குடியாமல் நன்மை வாங்கியது பழைய காலம். 1957-இல் அது மூன்று மணி நேரமாயிற்று; 1964-இல் ஒரு மணி நேரமாயிற்று. தண்ணீரும் மருந்தும் தடையல்ல. முதியோரும் நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அந்த ஒரு மணிக்குள் சாப்பிட்டிருந்தாலும் நன்மை வாங்கலாம். தவக்கால ஒருசந்தியும் அப்படியே: பதினெட்டு வயது நிறைந்தவர் முதல் அறுபதாம் வயது தொடங்கும்வரைதான் அது கடமை, அதிலும் ஒரு முழுச் சாப்பாடு உண்டு. எழுபத்தைந்து வயதுப் பாட்டி வெள்ளிதோறும் வெறும் வயிற்றோடு சிலுவைப்பாதைக்கு வந்து மயங்குவதைத் திருச்சபை கேட்கவில்லை. உடல் தாங்காத அளவுக்கு உணவைக் குறைப்பது புண்ணியமாகாது என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் காலத்திலிருந்தே நமக்குக் கற்பிக்கப்பட்டது. எலியா இறைவாக்கினர் சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பிப் படுத்தபோது, வானதூதர் புத்திமதி சொல்லத் தொடங்கவில்லை. அப்பம் கொடுத்தார், அதுவும் இரண்டு தடவை. யாயீரின் மகளை எழுப்பிய ஆண்டவரும் அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார்.

அப்படியானால் விருப்பம்போல் உண்ணலாம் என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டாம். 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். நூற்றுக்கு 12 பேருக்கு மேல் மெலிந்தவர்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றில், இம்மூன்றும் இருக்கலாம். சென்னையில் நடத்தப்பட்ட நீரிழிவு ஆராய்ச்சியில், மக்களுக்குக் கிடைக்கும் கலோரியில் ஏறக்குறைய பாதி, தீட்டிய தானியத்திலிருந்து, முக்கியமாக வெள்ளை அரிசியிலிருந்து, வருவது தெரிந்தது; அதை மிகுதியாக உண்டவர்களிடம் நீரிழிவும் மிகுதியாக இருந்தது. இது புதிய பாடமும் அல்ல. 1920-களில் குன்னூரில் இருந்த மெக்காரிசன் என்னும் மருத்துவர், இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. சென்னை மாகாணத்தார் உணவை உண்டவைதான் எல்லாவற்றிலும் சிறுத்திருந்தன. நமக்குச் சற்று வருத்தந்தான், ஆனால் எலி பொய் சொல்லாது.

ஆகையால் சோற்றைக் குறைக்கிறவர்கள் அந்த இடத்தைக் காலியாக விடக்கூடாது. ஒரு கரண்டி சோறு போனால் ஒரு கரண்டி பருப்போ சுண்டலோ வர வேண்டும். முட்டை ஒன்றில் சுமார் 80 கலோரியும் நல்ல புரதமும் உண்டு. ஒரு பிடி வேர்க்கடலை, 30 கிராம், ஏறத்தாழ 170 கலோரி. நொச்சிக்குப்பத்துச் சகோதரிகள் விற்கும் மத்தியும் நெத்திலியும் விலையுயர்ந்த மீனைவிடத் தாழ்ந்தவை அல்ல. மெலிந்தவர்களுக்கு ஒரு வேளையில் திணித்துக் கொடுப்பதைவிட நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது. கஞ்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டால் மட்டும் 45 கலோரி கூடும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் உணவின் அளவை மாற்றுவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் நினைவிருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

தியாகராய நகர் யார் பெயரால் அழைக்கப்படுகிறது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானமாயிற்று. தலைக்கு ஓர் அணாவுக்கு மேற்படக்கூடாது. மீண்டும் அதே ஓர் அணா! ஆனால் இம்முறை அது கணக்குப் பார்த்துக் குறைத்த அணா அல்ல, புதிதாகக் கொடுத்த அணா. அது சில ஆண்டுகளில் நின்றது, பிறகு காமராசர் 1956-இல் மதிய உணவைக் கொண்டுவந்தார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார்; 2022-இல் காலை உணவும் வந்தது. பிள்ளைகளுக்கு இவ்வளவு செய்திருக்கிறது நம் நாடு. கடைசியாகச் சாப்பிடும் தாய்க்குச் சட்டம் எதுவும் வரவில்லை. அதை ஒவ்வொரு வீட்டுச் சமையலறையில்தான் போட வேண்டும்: ஒரு வாரம் அம்மாவுக்கு முதலில் பரிமாறிப் பாருங்கள், பானையில் எவ்வளவு குறைகிறது என்பது மற்றவர்களுக்குத் தெரியவரும்.

வின்சென்ட் தே பவுல் சபையார் சனிக்கிழமைகளில் கொடுத்துவரும் டீயும் பன்னும் அடுத்த மாதம் முதல் பயறு போட்ட கஞ்சியாகவும் வேர்க்கடலைத் துவையலாகவும் மாறும். பங்கு மண்டபத்தில் எடைப் பொறி ஒன்று வைக்கப்படுகிறது. ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களும் வீட்டு வேலைக்குப் போகும் சகோதரிகளும் தங்கள் எடையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். விரும்பிக் குறைக்காமலே ஆறு மாதத்தில் அறுபது கிலோவில் மூன்று கிலோ குறைந்திருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தை மாதர் சங்கச் செயலாளர் வைத்திருப்பார்; ஒருவர் எடையை மற்றவருக்குக் காட்டமாட்டார் என்று நமக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும்.