இரைப்பைக் கிருமியும் அதன் கோட்டையும்



காலையில் எழுந்ததும், பல் துலக்குமுன், நாவினாற் பல்லைத் தடவிப் பார்த்தால் வழுவழுப்பான ஒரு படிவு தட்டுப்படும். நெடுநாட் கழுவாத நீர்த்தொட்டியின் உட்சுவரிலும் அதே வழுவழுப்பைக் காணலாம். வாயைக் கொப்பளித்தாலும், தொட்டியை நீர்விட்டு அலசினாலும் அது போவதில்லை. தேய்த்தே நீக்க வேண்டும். அவ்வழுக்கலுள் எண்ணற்ற நுண்ணுயிர்கள், தாமே சுரந்த பசையினால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு குடியிருக்கின்றன. இக்குடியிருப்பையே அறிவியலாளர் உயிர்ப்படலம் என்பர். நமது இரைப்பையில் வாழும் ஒரு பற்றீரியாவும் இத்தகைய படலத்தை அமைக்கவல்லது. அதனை ஆய்வுகூடத்தில் எவ்வாறு கண்டனர், அதனால் நமக்கு யாது பயன் என்பவற்றையே இன்று கூற விழைகின்றேன்.

இரைப்பையிற் கடும் அமிலம் சுரக்கின்றது. அவ்வமிலத்தில் எவ்வுயிரும் நிலைத்து வாழாது என்பதே நெடுங்காலம் மருத்துவ உலகின் நம்பிக்கையாக இருந்தது. இரைப்பைப் புண்ணுக்கு மனக்கவலையும் மிகுந்த அமிலச் சுரப்புமே காரணங்கள் என்றனர். 1979ஆம் ஆண்டில், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில், ரொபின் வொரன் என்னும் நோயியலறிஞர் இரைப்பைத் திசுக்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது, வளைந்த வடிவமுடைய பற்றீரியாக்களைக் கண்டார். பின்னர் பரி மார்ஷல் என்னும் இளம் வைத்தியர் அவருடன் சேர்ந்தார். ஆயினும் கண்ணாற் கண்டால் மட்டும் போதாது. கிருமியை உடலுக்கு வெளியே வளர்த்துக் காட்ட வேண்டும்.

30க்கு மேற்பட்ட நோயாளரின் திசுக்களை வளர்ப்பூடகத்தில் இட்டுப் பார்த்தும் பயன் கிட்டவில்லை. இரண்டு நாட்களில் ஒன்றும் தோன்றாவிடின் கிண்ணத்தை எறிந்துவிடுவது அக்கால வழக்கம். 1982ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறை வந்தது. கவனிப்பாரின்றிக் கிண்ணங்கள் ஏறத்தாழ ஐந்து நாட்கள் அடைகாப்புப் பெட்டியிலேயே கிடந்தன. திறந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது! வளரும் ஆற்றல் அதற்கு என்றும் இருந்தது. காத்திருக்கும் பொறுமைதான் மனிதருக்கு இல்லாதிருந்தது. 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே அருந்தி, இரைப்பை அழற்சிக்கு ஆளாகி, அதன் வன்மையை மெய்ப்பித்தார். இன்று ஹெலிக்கோபற்றர் பைலோரி என வழங்கும் அக்கிருமியைக் கண்டறிந்தமைக்காக 2005ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இக்கிருமியை வளர்ப்பது எளிதன்று. நாம் சுவாசிக்கும் வளியில் நூற்றுக்கு 21 பங்கு ஒட்சிசன் உண்டு. இதற்கோ ஏறத்தாழ 5 பங்கே உகந்தது. காபனீரொட்சைட்டு 10 பங்கு அளவில் வேண்டும். வெப்பநிலை 37 பாகை செல்சியசாக இருத்தல் வேண்டும். ஊடகத்திற் குருதியோ குருதியின் தெளிந்த நீர்ப்பாயமோ சேர்க்க வேண்டும்.

நீண்டகாலமாக இக்கிருமி, திரவ ஊடகத்திற் தனித்தனியே மிதக்கும் நிலையிலேயே பெரிதும் ஆராயப்பட்டது. ஆனால் 1999ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. உணவூட்டம் தொடர்ந்து அளிக்கப்பட்ட கண்ணாடிக் கலமொன்றில், திரவமும் வளியும் சந்திக்கும் எல்லையில், கிருமிகள் படலமாகத் திரண்டிருந்தன. பின்னர் யப்பானிய அறிஞர்கள் எளிய முறையொன்றைக் கையாண்டனர். ஊடகத்தினுள் மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை நிறுத்தி, மெல்ல அசைத்துச் சில நாட்கள் வளர்த்தனர். கண்ணாடியில் ஒட்டியவற்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழுவி, பளிங்கு ஊதா என்னும் சாயம் ஊட்டினர். ஏறிய சாயத்தை மதுசாரத்திற் கரைத்து அந்நிறத்தின் செறிவை அளந்தால் படலத்தின் அளவு தெரியும். அப்படலத்தினுள், கிருமிகள் தம் வெளிமென்சவ்விலிருந்து உதிர்த்த நுண்ணிய குமிழ்கள் செறிந்திருந்ததை 2009இல் அவர்கள் எடுத்துக் காட்டினர்.

வளர்ப்பு நிலை சிறிது மாறினாலும் விளைவு மாறுகின்றது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நீர்ப்பாயம் நூற்றுக்கு 10 பங்கு இருந்தபோது படலம் அமையாத ஓரினக் கிருமி, அதனை 2 பங்காகக் குறைத்ததும் திண்ணிய படலத்தை அமைத்தது. நீந்துவதற்குப் பயன்படும் சவுக்குமுளைகள் அப்படலத்தில் கிருமிகளைப் பிணைக்கும் கயிறுகள்போல் அமைந்திருந்தன. ஓடுவதற்கு உதவிய உறுப்பே ஓரிடத்தில் ஊன்றி நிற்பதற்கும் உதவியது!

நேயர்களே, கண்ணாடித் துண்டு இரைப்பையாகுமா என நீங்கள் வினவலாம். நியாயமான வினாவே. எனினும், இக்கிருமி தொற்றியவர்களின் இரைப்பைத் திசுக்களிலும் இத்தகைய படலங்கள் இருப்பது 2006ஆம் ஆண்டில் இலத்திரன் நுணுக்குக்காட்டியினாற் காணப்பட்டது. ஆகவே இது வெறும் ஆய்வுகூட விநோதமன்று.

இதனாற் பெறப்படுவது யாது? மிதக்கும் கிருமியைக் கொல்லும் மருந்தளவு, படலத்துள் ஒளிந்த கிருமியைக் கொல்லப் போதாது. கிளாரித்திரோமைசின் என்னும் மருந்தைக் கொண்டு 2013இல் யப்பானியர் இதனை நிறுவினர். உரோமாபுரியில், முன்னர் பலமுறை மருந்துண்டும் குணமடையாத 40 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2010இல் வெளியாயிற்று. படலத்தைக் குலைக்கவல்ல மருந்தொன்றை முதலில் உண்டு, பின் நுண்ணுயிர்கொல்லிகளை உண்ட 20 பேரில் 13 பேர் கிருமி நீங்கப் பெற்றனர். அம்மருந்தின்றி நுண்ணுயிர்கொல்லிகளை மட்டும் உண்ட 20 பேரில் நால்வரே அவ்வாறு நீங்கப் பெற்றனர். இது சிறிய ஆய்வு. முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. ஆயினும், கோட்டையைத் தகர்த்த பின்பே உள்ளிருக்கும் பகைவரைத் தாக்க வேண்டும் என்னும் வழியை இது சுட்டுகின்றது.

இக்கிருமியை, புற்றுநோயை விளைவிக்கும் காரணிகளுள் ஒன்றாக 1994இலேயே உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. தொற்றியோர் அனைவரும் நோயுறுவதில்லை. ஆதலின் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் வைத்தியர் பத்து நாட்களுக்கோ பதினான்கு நாட்களுக்கோ மருந்து தந்தால், வயிற்றெரிவு நான்காம் நாளே தணிந்துவிட்டது என்று மிகுதியை அலுமாரியில் வைத்துவிடாதீர்கள். எரிவு தணிந்தது கிருமி அழிந்ததற்குச் சான்றாகாது. மருந்து முடிந்து நான்கு வாரங்களேனும் சென்றபின், வைத்தியர் கூறியவாறு மீண்டும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பேர்த் நகரில் இரண்டு நாளிற் காணாத உண்மையை ஐந்து நாட்கள் காட்டின. ஆராய்வோருக்கு வேண்டிய அப்பொறுமை மருந்துண்போருக்கும் வேண்டும்.