ஷானிதார் குகையில் ஒரு பெரியவர்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)



1957-இல் வடக்கு இராக்கின் ஷானிதார் குகையில், ரால்ஃப் சொலெக்கி குழுவினர் ஒரு நியாண்டர்தால் மனிதரின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். வலது கை சூம்பி, முன்கையே இல்லை. ஒரு கண் பார்வை போயிருக்கலாம். காலிலும் ஊனம். ஆனால் காயங்கள் ஆறியிருந்தன. அடிபட்ட பின்னும் பல வருடம் வாழ்ந்து, நாற்பது வயதை ஒட்டி இறந்திருக்கிறார்.

வேட்டையாடிப் பிழைத்த காலத்தில் தனியாளாக அது முடியுமா? யாரோ தன் பங்கில் அவருக்கும் கொடுத்திருக்க வேண்டும். அவருக்காக நடையைக் குறைத்திருக்க வேண்டும்.

வலுத்தவன் மட்டுமே பிழைப்பான் என்பதல்ல பரிணாமம். ஒருவருக்கொருவர் உதவும் கூட்டமே மற்ற கூட்டங்களை வெல்லும் என்று 1871-இல் டார்வினே எழுதினார். அன்பும் அறமும் பிறகு வந்த அலங்காரம் அல்ல. நாம் பிழைத்து வந்த வழியே அதுதான்.

போன மாதம் மூன்று நாள் லிஃப்ட் ஓடவில்லை, நினைவிருக்கிறதா? நான்காம் மாடியில் தனியாக இருக்கும் வயதான அம்மாவுக்கு செக்யூரிட்டி தம்பிதான் படியேறிப் பால் கொடுத்தாராம். எதிர் வீட்டில் இருக்கும் எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

அடுத்த முறை லிஃப்ட் நின்றால், படி இறங்கும் முன் பக்கத்து வீட்டு மணியை ஒருமுறை அழுத்துங்கள். நானும் அழுத்துகிறேன்.