கையேந்தல் அல்ல, பிள்ளையின் பங்கு



பிரித்தானியாவில் வாழும் எமது கர்ப்பிணித் தாய்மாரும், நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் அறிந்திருக்க வேண்டிய ஓர் உதவியைப் பற்றி இன்று பேசுகிறேன். அதன் பெயர் ஹெல்தி ஸ்ராட். தகுதி இருந்தும் பலர் இதற்கு விண்ணப்பிப்பதில்லை. "அகதியாய் வந்தனாங்கள்தான், அதுக்காகப் பிள்ளையின்ரை பாலுக்கும் அரசாங்கத்திட்டைக் கையேந்திறதோ?" என்ற கூச்சம் அதற்கு ஒரு காரணம்.

அந்தக் கூச்சத்துக்கு ஒரு கேள்வி. ஊரில் கிளினிக்குக்குப் போன எங்கள் தாய்மார் திரிபோசா வாங்கினார்களே, அது கையேந்தலா? சோளமும் சோயாவும் பால்மாவும் விற்றமின்களும் சேர்ந்த அந்த மா, 1973 முதல் இலங்கையில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. மருத்துவிச்சி அம்மா தந்த அந்தப் பையை யாரும் பிச்சை என்று சொன்னதில்லை. உருண்டை பிடித்துச் சாப்பிட்டோம், வளர்ந்தோம்.

இந்த நாட்டுத் திட்டத்துக்கும் யுத்த காலத்தில்தான் வேர் இருக்கிறது. 1940இல் உணவுக் கப்பல்கள் கடலில் தாக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்கு ஒரு பைந்து பாலை மலிவு விலையிலும், வறியவர்களுக்கு இலவசமாகவும் அரசு கொடுத்தது. அதன் வழிவந்த பழைய திட்டத்துக்குப் பதிலாக 2006இல் வந்ததே ஹெல்தி ஸ்ராட்.

முன்பு கடதாசி வவுச்சரைக் காசாளரிடம் நீட்ட வேண்டியிருந்தது. அவை 2022 மார்ச்சுடன் நின்றுவிட்டன. இப்போது வங்கி அட்டையைப் போன்ற ஒரு மாஸ்ரர்காட். நான்கு கிழமைக்கு ஒருமுறை அதில் பணம் ஏறும். 2021 ஏப்ரலில் கிழமைக்கு 4.25 பவுண் என்றும், ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு 8.50 பவுண் என்றும் தொகை நிர்ணயிக்கப்பட்டது. 2026–27 நிதியாண்டில் இவை 4.65, 9.30 பவுண்களாக உயரும் என்று அரசு 2025 ஜூலையில் அறிவித்தது.

யாருக்குக் கிடைக்கும்? கர்ப்பமாகிப் பத்து வாரம் ஆகியிருக்க வேண்டும், அல்லது நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்க வேண்டும். யுனிவேர்சல் கிரெடிட் பெறும் குடும்பமென்றால், வேலையால் கையில் வரும் வருமானம் மாதம் 408 பவுணுக்கு மேற்படக் கூடாது. இது மிகக் குறைந்த எல்லை. பகுதிநேர வேலை செய்யும் பல குடும்பங்கள் இதற்கு வெளியே நின்றுவிடும். ஆனால் உள்ளே இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: யுனிவேர்சல் கிரெடிட் கிடைத்தாலும் இந்த அட்டை தானாக வராது. நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் அதையும் அறிவிக்க வேண்டும்.

விசாவில் பொது நிதி பெறத் தடை உள்ளவர்களும், பிள்ளை பிரித்தானியக் குடியுரிமை உள்ளதாகவும் வருமானம் அந்த எல்லைக்குள்ளும் இருந்தால், தனி விண்ணப்பம் செய்யலாம். புகலிடக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களுக்கு இந்த அட்டை இல்லை. ஆனால் உள்துறை அமைச்சின் உதவிப் பணம் பெறுபவராயின், கர்ப்பிணிக்கும் சிறு பிள்ளைக்கும் அதில் மேலதிகத் தொகை உண்டு. கேட்டுப் பெறுங்கள். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு பெஸ்ற் ஸ்ராட் பூட்ஸ் என்ற வேறு திட்டம் இருக்கிறது.

என்ன வாங்கலாம்? பசுப்பால், குழந்தைப் பால்மா, பழம், மரக்கறி. இவற்றோடு பருப்பு, பயறு, கடலை போன்ற பருப்பு வகைகளும் அடங்கும். உப்போ சீனியோ எண்ணெயோ சேர்க்காதவையாக இருக்க வேண்டும். ஆகவே எங்கள் சமையலுக்கு இது அந்நியமான திட்டம் அல்ல. ஒரு பருப்புக் கறியும் கீரையும் இந்த அட்டையாலேயே அடுப்பில் ஏறும்.

விற்றமின்களை மறக்க வேண்டாம். தாய்க்குக் குளிசையும் பிள்ளைக்குத் துளிமருந்தும் இலவசம். எங்களைப் போன்ற கறுத்த தோலுடையவர்களுக்கு இந்த நாட்டு வெயிலில் விற்றமின் டி போதிய அளவு உண்டாகாமல் போகலாம். அது குறைந்தால் பிள்ளையின் எலும்பு மெலிந்து கால் வளையக்கூடும். எங்கே பெறலாம் என்று உங்கள் மிட்வைஃபிடம் அல்லது ஹெல்த் விசிட்டரிடம் கேளுங்கள்.

நிறைவாக, ஆங்கிலம் தெரிந்த இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். விண்ணப்பம் என்.எச்.எஸ். இணையத்தளத்தில் இருக்கிறது. புதிதாக வந்த ஒரு தாயின் பக்கத்தில் இருந்து அதை நிரப்பிக் கொடுங்கள். மாமிமாரே, மருமகள் விண்ணப்பித்தால் "ஊர் என்ன சொல்லும்" என்று கேட்காதீர்கள். பிள்ளையின் பங்கை ஊருக்காக விட்டுக்கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை.