இப்போ வயல்ல என்ன வேலை நடக்குது?

ஃபார்ம் ஸ்டேன்னா நமக்கு மாட்டு வண்டியும் செல்ஃபியும்தான் ஞாபகம் வருது. ஆனா மனசுல நிக்கிறது நம்ம கை செஞ்ச வேலைதான். காவிரி டெல்டாவை எடுத்துக்கோங்க. மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணி வந்ததும் போனா குறுவை நடவு. சேத்துல இறங்கி நாத்து நடலாம். தை மாசம்னா சம்பா அறுவடை. சித்திரையில பெரும்பாலும் வயல் காய்ஞ்சு கிடக்கும். அப்போ நுங்கு சீவலாம், விதைநெல் புடைக்கலாம். நம்ம போட்டோவுக்காக போர் தண்ணிய விட்டுச் சேறாக்கச் சொல்லாதீங்க.

இன்னொண்ணு. நாம கோணலா நட்டதை யாரோ ஒரு அக்கா திருப்பி நடணும். அந்தக் கூலியும் கட்டணத்துல சேரணும், பேரம் பேசாதீங்க. புக் பண்றதுக்கு முன்னாடி இதை மட்டும் கேளுங்க: "அண்ணே, இப்போ வயல்ல என்ன வேலை நடக்குது?" பதில் வந்தா, பையைத் தூக்கிட்டுக் கிளம்புங்க.