குடிகாரனும் ஓசி அரிசியும்



இரண்டு சொற்களை நம் தெருவிலிருந்து விரட்டத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன். ஒன்று ‘குடிகாரன்’. மற்றது ‘ஓசி அரிசி’. இரண்டும் பெரும்பாலும் ஒரே வீட்டு வாசலில்தான் வந்து விழுகின்றன.

முதலில் குடியைப் பேசுவோம். குடிப்பழக்கம் என்கிறோம். பழக்கம்தானே, மனசு வைத்தால் விட்டுவிடலாமே என்கிறோம். பல வருஷம் தினமும் குடித்த உடம்பு சாராயத்தை வைத்தே நரம்பை அடக்கிப் பழகியிருக்கிறது. சட்டென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலர் சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டுவார்கள்; பெற்ற பிள்ளையை யாரென்று கேட்பார்கள். ‘நாடகம் ஆடுறான்’ என்று அறையில் போட்டுப் பூட்டுகிறோம். பேய் பிடித்ததென்று வேப்பிலை அடிக்கிறோம். மருத்துவம் பார்க்காவிட்டால் இதில் உயிரே போகலாம், அம்மா! ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்கு மாத்திரை இருக்கிறது, தயமின் ஊசி இருக்கிறது. நோய் என்று நினைத்திருந்தால் அன்றைக்கே ஆட்டோ பிடித்திருப்போம். பழக்கம் என்று நினைத்ததால் கதவைப் பூட்டினோம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவால் வரும் மனநலக் கோளாறுகளையும் மனநோய்க் கணக்கில்தான் வைத்திருக்கிறது. ஆகவே ‘குடிநோயாளி’ என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் அவன் அடித்த அடி இல்லையென்று ஆகிவிடுமா என்று முன்வரிசையில் ஒரு தாய் கேட்கிறார். ஆகாது, தாயே. அடித்தால் போலீசுக்குப் போங்கள். அதோடு அவரை டாக்டரிடமும் கொண்டுபோங்கள். 14446 என்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள், காசு கிடையாது. சிகிச்சை முடிந்து வந்தவர் ஒருநாள் மறுபடி குடித்துவிட்டால் ‘நாய் வாலை நிமிர்த்த முடியுமா’ என்கிறோமே, சர்க்கரை மறுபடி ஏறியவரை அப்படிச் சொல்கிறோமா?

அடுத்தது அரிசி. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷனில் அரிசிக்கு விலையில்லை. உடனே அது ஓசி ஆகிவிட்டது! 2003 முதல் இந்த மாநிலத்தில் மதுவைச் சில்லறையில் விற்பது அரசு நிறுவனமான டாஸ்மாக். குடிநோயாளியின் கூலி பாட்டில் பாட்டிலாக வரியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அவர் மனைவி வாங்கும் சோப்பிலும் வரி இருக்கிறது. அள்ளிக் கொடுத்த வீடு அது. அந்த வீட்டுப் பெண் 20 கிலோ அரிசி வாங்க நின்றால், ஓசியா?

அரசுக் காகிதத்தில் ‘பயனாளி’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. கை நீட்டி நிற்பவளைத்தான் அது காட்டுகிறது. 2001இல் உச்ச நீதிமன்றம் உணவுத் திட்டங்களைச் சட்ட உரிமையாக்கியது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் உரிமை என்றே பேசுகிறது. ஆனால் கடையில் வண்டு விழுந்த அரிசியை ‘இதென்ன அண்ணே’ என்று கேட்டவளுக்கு என்ன பதில் கிடைக்கிறது? ‘ஓசியில வாங்குறதுக்கு வாய் வேறயா?’ அந்த ஒரு சொல்லுக்குக் கூசித்தான் வாயை மூடிக்கொண்டு வண்டரிசியைச் சுமந்து வருகிறாள்.

நாளை காலை கடை திறக்கும். பையைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு கை அரிசி அள்ளிப் பாருங்கள். வண்டு இருந்தால் அங்கேயே நின்று மாற்றிக் கேளுங்கள். பக்கத்தில் நிற்பவர்களும் கூட நில்லுங்கள்.