காற்று அடித்துப் பார்த்தாயா?



'ஸ்டெர்ன் டிரைவ்' படகில் எஞ்சின் உள்ளே இருக்கும். கியர் பெட்டியும் புரொபெல்லரும் பின்பக்கம், தண்ணீருக்குள். 1959-ல் வால்வோ பென்டா அறிமுகப்படுத்திய அமைப்பு இது.

கொச்சியில் ஒரு படகுப் பட்டறையில் நான் சேர்ந்த புதிது. பழுதுக்கு வந்த படகொன்றின் கியர் ஆயிலை இறக்கினேன். பால் விட்ட காபி மாதிரி வந்தது. தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். வழக்கமாகக் கெடுவது புரொபெல்லர் ஷாஃப்ட் சீல்தானே என்று அதை மாத்தி, புது ஆயில் ஊத்தி, "முடிஞ்சுதுங்க" என்று அனுப்பிவிட்டேன்.

சில வாரம் கழித்து அந்தப் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அழிமுகத்து நீரோட்டத்தில், பதினோரு பேரோடு நின்றுபோயிருக்கிறது. நல்லவேளை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திறந்து பார்த்தால் பேரிங் எல்லாம் துரு. கியர் பற்கள் சிதைந்து கிடந்தன.

தூத்துக்குடிக்காரரான எங்கள் மேஸ்திரி ஒன்றுதான் கேட்டார்: "காத்து அடிச்சுப் பாத்தியாடா?"

பார்க்கவில்லை. ஆயிலை வடித்து, பெட்டிக்குள் அளவாகக் காற்றேற்றி, வெளியே சோப்புத் தண்ணீர் தடவினார். நான் மாற்றிய சீலில் ஒரு குமிழிகூட இல்லை. கியர் மாற்றும் தண்டின் சீலில் பொங்கியது!

நோயின் காரணத்தை முதலில் தேடு என்று வள்ளுவர் சொன்னது மெக்கானிக்குக்கும்தான். தம்பிகளா, ஸ்பேனரை அப்புறம் எடுங்க. சோதித்துப் பார்க்காமல் மட்டும் "முடிஞ்சுது" என்று சொல்லிடாதீங்க.