நஞ்சு என்னும் சொல்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

விழாக் குழுவினர் இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். ஆசிரியனுக்கு அது அரைப் பாடவேளை. ஆகவே ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். நஞ்சு என்பதே அச்சொல். மங்கல நாளில் இச்சொல்லா என்று எண்ணுவோர் சற்றுப் பொறுத்தருள்க.

நஞ்சு மென்றொடர்க் குற்றியலுகரச் சொல். வேற்றுமைப் புணர்ச்சியில் இவ்வினத்துச் சொற்களுள் சில, தம் மெல்லெழுத்தை இனமான வல்லெழுத்தாக மாற்றிக்கொள்ளும் என்பது நம் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்த விதி. அதனால்தான் நஞ்சும் மரமும் சேர்ந்து நச்சுமரம் ஆகின்றன. நச்சுப்பல், நச்சுப்புகை, நச்சுத்தன்மை எல்லாம் அவ்வாறே. மருந்து என்னும் சொல்லும் இதே இனம். மருந்தும் பையும் சேர்ந்தால் மருத்துப்பை. இலக்கணத்தில் நஞ்சும் மருந்தும் உடன்பிறப்புகள். இதனை நினைவில் வைத்திருங்கள், மீண்டும் வருவேன்.

வடமொழி விஷம், வருஷம் வருடமானதுபோல, தமிழில் விடமாயிற்று. ஆனால் விஷமம் என்பது வேறு. சமம் என்பதன் எதிர்ச்சொல் அது. நம் பேரப்பிள்ளைகளின் விஷமத்தில் விஷம் ஏதுமில்லை!

நச்சு என்பதற்கு விரும்பு என்றும் பொருள் உண்டு. நசை என்னும் சொல்லோடு உறவுடையது இது. சீவக சிந்தாமணிக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் பெயரில் நஞ்சைத் தேடிய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். விரும்பியவர்க்கு இனியவர் என்பதே அப்பெயரின் பொருள். இவ்விரண்டு நச்சையும் ஒரே இடத்தில் ஆண்டது திருக்குறளின் 1008ஆம் குறள். பிறர்க்கு உதவாமையால் எவராலும் விரும்பப்படாதவன் பெற்ற செல்வம், ஊர் நடுவே நச்சுமரம் பழுத்தது போன்றதாம். பழுத்திருக்கிறது, கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது, பசித்தவன் உண்ண முடியாது. காட்டில் பழுத்திருந்தால் இத்தனை துயரம் இல்லை. நடுவூர் என்ற சொல்லில்தான் அக்குறளின் உயிர் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

நம் அறநூல்கள் நஞ்சை இன்னொரு வகையிலும் பேசுகின்றன. இல்லறத்தார் கொள்ளும் குணவிரதங்களுள் ஒன்று அநர்த்த தண்ட விரதம். தத்துவார்த்த சூத்திரத்துக்குப் பூஜ்யபாதர் வகுத்த சர்வார்த்தசித்தி உரை, நஞ்சு, ஆயுதம், தீ, கயிறு முதலியவற்றைப் பிறர்க்குக் கொடுப்பதையும் இவ்விரதத்துக்கு மாறான குற்றமாக எண்ணுகிறது. நாம் கொல்லவில்லை, கொடுத்தோம், அவ்வளவுதானே என்று தப்பிக்க அங்கே வழியில்லை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். பணியில் இருந்த காலத்தில் ஒருநாள் நஞ்சு என்பதற்கு ஒருபொருட் பன்மொழி கேட்டேன். விடம், ஆலம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். கடைசி இருக்கையிலிருந்து ஒருவன் எழுந்து, "மருந்து, ஐயா" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, அது எதிர்ச்சொல் அல்லவா என்று அமர்த்திவிட்டேன். அன்று மாலை கழனிக்குப் போய் ஆளிடம், "நாளைக்கு நெல்லுக்கு மருந்து அடித்துவிடு" என்று நானே சொன்னேன். சொல்லி முடித்த பிறகே அவன் முகம் நினைவுக்கு வந்தது. அம்மாணவனின் தாயார் முந்தைய ஆண்டு "மருந்து குடித்து" இறந்துபோனார் என்பதைச் சக ஆசிரியர் ஒருவர் பின்னர் சொன்னார். நம் ஊர்களில் அதனை அப்படித்தான் சொல்கிறோம். நஞ்சு குடித்தார் என்று எவரும் சொல்வதில்லை. மறுநாள் வகுப்பில் அவன் விடை சரி என்று சொன்னேன். அவன் தலை நிமிரவில்லை.

பூச்சிமருந்து, எலிமருந்து, கொசுமருந்து. பூச்சிக்கு அது மருந்தா? பொழுது சாய்ந்தபின் உண்ணாத குடும்பம் நம்முடையது. தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் மரபு நம்முடையது. வந்தவாசியிலும் செஞ்சியிலும் திண்டிவனத்திலும் நம்மவருள் பலர் உழவர்கள். தெளிக்காமல் விளைவிப்பது எளிது என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. தொழிலால் நேரும் இம்சை, கருதிச் செய்யும் இம்சை என்று ஆசாரியர்கள் பிரித்ததும் இல்லறத்தான் நிலை அறிந்தே. ஆயினும் அந்தப் புட்டியைக் கையில் எடுக்கும்போது அதன் பெயரையாவது உள்ளபடி சொல்லலாகாதா? பூச்சிக்கொல்லி என்னும் அரசு அலுவலகச் சொல்லில் நம் பேச்சில் இல்லாத நேர்மை இருக்கிறது.

எங்கள் நிலத்துக் கணக்கை என் தம்பி எழுதுகிறான். சென்ற ஆண்டு அதில் "மருந்துச் செலவு" என்றிருந்ததை அடித்து, "நச்சுச் செலவு" என்று நன்னூல் விதிப்படி மாற்றினேன். அவன் கோபித்துக்கொண்டு மறுபடி மருந்தாக்கிவிட்டான். இந்தச் சம்பாவுக்குக் கணக்கைப் பார்த்தேன். தலைப்பு மருந்து என்றே இருக்கிறது. இருமுறை தெளித்த இடத்தில் ஒருமுறைக்கே கணக்கு இருந்தது. ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.